மேல் நோக்கித்தான் தடவணும்

ஜன்னல் சீட்டை நீயே வெச்சுக்க கண்ணு. எனக்கு இந்த ஓரமே போதும். நீ எங்க இறங்கற, பெருந்துறையா? நான் ஈரோடு, கடைசி வரைக்கும். ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைச்சுக்காத. மூஞ்சிக்கு சன்ஸ்கிரீன் போட்டிருக்கியா? இல்லீன்னா துப்பட்டாவை இந்தப் பக்கம் இழுத்து விட்டுக்க. சாயங்கால வெயில்தானேன்னு இருந்துரக் கூடாது. கண்ணாடி வழியா வர்ற வெயிலும் தோலைத் தின்னுரும்னு இந்துஜா சொல்லுவா.

இந்துஜா எனக்குச் சொந்தமோ ஒறம்பரையோ இல்ல. ஆனா ஒறம்பரைக்கு மேல. அவளைப் பாத்துட்டுத்தான் வர்றேன்.

என்ற வயசு எத்தனை இருக்கும்னு நெனைக்கற? சும்மா சொல்லு. அம்பத்தஞ்சா? அறுவத்தி நாலு கண்ணு. வர்ற ஆவணிக்கு அறுவத்தஞ்சு. எல்லாரும் இப்படித்தான் கொறைச்சுச் சொல்றாங்க. எல்லாரும்னா, அவ சொன்னா, இப்ப நீ சொல்ற.

டெலிபோன் எக்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்தேன். கமலவேணின்னு பேரு. முப்பத்தெட்டு வருசம் சர்வீஸ். ட்ரங்க் கால் போட்ட காலத்துல ஈரோட்டுல மஞ்சள் மண்டிக்காரங்க, ஜவுளிக்காரங்க எல்லாத்துக்கும் என்ற குரல் தெரியும். ‘அந்தம்மா இருந்தாக் குடுங்க, அந்தம்மாதான் லைனை வெரசலாப் போட்டுத் தரும்’னு கேட்டு வாங்குவாங்க. குரலைத் தெரியும், மூஞ்சி தெரியாது. ஒருத்தரு மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பிச்சாரு. போனேன். வாசல்ல நின்னு பேரைச் சொன்னேன். ‘ஓ, நீங்கதானுங்களா’ன்னாரு. அவ்வளவுதான். ஆனா அந்த ‘ஓ’ இன்னும் காதுல இருக்குது.

கல்யாணம் பண்ணிக்கலை. பண்ணிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. தம்பிக்கு முடியட்டும்னு இருந்தேன். அவனுக்கு முடிஞ்சுது. அப்பறம் ஆரும் பேச்செடுக்கலை, நானும் கேக்கலை. இப்ப சம்பத் நகர்ல சொந்த வீடு. எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல கண்ணு. தனியா இருக்கறவங்க அழுது வடிவாங்க, பாத்திருப்ப. நான் அந்த ரகம் இல்ல. காலையில பால்காரர் பெல் அடிப்பாரு. டிவி இருக்குது. தம்பி திருப்பூர்ல இருக்கறான், பொங்கலுக்கு வந்துருவான். போன பொங்கலுக்கு மட்டும் வரலை. அதுக்கு முந்தின பொங்கலுக்கு அவன் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டியதாப் போச்சு.

சரி, இந்துஜா கதைக்கு வர்றேன்.

போன ஐப்பசியில குதிகாலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. ஆயின்மெண்ட் வாங்கலாம்னு போனேன். மெடிக்கல் ஷாப்னா சின்னக் கடையில்ல, ஏசி போட்டு, மாடி வெச்சு, பெருசு. மருந்து வாங்கிட்டுத் திரும்பறேன். மூஞ்சிக்குப் போடற கிரீமெல்லாம் அடுக்கி, கண்ணாடி வெச்சு, ஒரு ஸ்டூல் போட்டிருந்தாங்க. வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணு ஒண்ணு நின்னுச்சு. “அம்மா, ரெண்டு நிமிசம் உக்காருங்களேன். வாங்கவே வேண்டாம். சும்மா போட்டுப் பாருங்க”ன்னுச்சு.

“எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம், வயசான காலத்துல”ன்னேன்.

“வயசாகறதுக்குத்தானுங்கம்மா இது”ன்னு சிரிச்சா.

உக்காந்தேன். பஞ்சுல தண்ணி தொட்டு மூஞ்சியைத் தொடைச்சா. குட்டி பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு எடுத்துக் கன்னத்துல வெச்சா. அப்பறம் ரெண்டு விரலை வெச்சு, தாடையில இருந்து காது வரைக்கும் மெதுவா, மேல் நோக்கி. “கீழ இழுக்கவே கூடாதுங்கம்மா. மேல் நோக்கித்தான் தடவணும். தோல் ஏற்கெனவே கீழதான் போயிட்டிருக்குது, நாமளும் சேந்து இழுக்கக் கூடாது.” நெத்தி, கன்னம், கழுத்து. அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே தடவறா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தக் கடையில டெட்டால் நெடி, அதுக்கே எனக்குக் கண்ணு கலங்கும்.

நெனைச்சுப் பாத்தேன். என்ற மூஞ்சியைக் கடைசியா வேற ஆளு தொட்டது எப்பன்னு. எங்கம்மா போறதுக்கு முந்தி, ஆசுபத்திரியில, ஒரு தடவை கன்னத்தைத் தொட்டுச்சு. அதுக்கே இருவத்தொரு வருசம் ஆச்சு. சும்மா கணக்குக்குச் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல.

“இது என்ன மருந்து கண்ணு?”ன்னேன்.

“பெப்டைடுங்கம்மா.”

எனக்கு எதையும் அரைகொறையாக் கேக்கப் பிடிக்காது. வெளக்கமாச் சொல்லுன்னேன். சொன்னா பாரு, வாத்தியார் தோத்துருவாரு. நம்ம தோலுக்குள்ள கொலாஜன்னு ஒண்ணு இருக்குதாம். புரதந்தான். நாடாக் கட்டில்ல நாடா இழுத்துப் பின்னியிருக்கற மாதிரி, தோலைத் தொய்யாம தாங்கிப் பிடிக்கறது அதுதான். சின்ன வயசுல நாடா நஞ்சு போகப் போக ஒடம்பே புது நாடா போட்டுக்குமாம். வயசானா அந்த வேலை மந்தமாயிருது. கட்டில் தொய்ஞ்சு போயிருது. பெப்டைடுன்னா அந்தப் புரதத்தோட துண்டு துணுக்கு. அது போயி, ‘இங்க நாடா அந்து கெடக்குது, புதுசு போடு’ன்னு தோலுக்குச் சேதி சொல்லுதாம். அதுவே நாடா இல்லையாம். சேதி சொல்ற ஆளு மட்டுந்தானாம்.

எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. ஏன்னு கேளு. அது என்ற வேலை கண்ணு! அந்தப் பக்கம் ஆளு தூங்கிட்டு இருப்பான், இந்தப் பக்கம் ஒருத்தன் அவசரத்துல தவிச்சிட்டிருப்பான். நடுவுல ஒருத்தி உக்காந்து மணி அடிச்சு எழுப்பி லைனைக் குடுக்கறா. அவ ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம் இல்ல. ஆனா அவ இல்லீன்னா பேச்சு இல்ல.

அவகிட்ட இதைச் சொன்னேன். “அம்மா, இதை நான் மத்த கஸ்டமருக்கும் சொல்லிக்கட்டுங்களா?”ன்னா. எனக்கு என்ன பெருமைங்கற!

பெரிய டப்பா ஒண்ணை எடுத்தேன், அதுல பெப்டைடோட இன்னும் நாலு சாமான் சேத்து வெச்சிருந்தாங்க. அவ சுத்தும் முத்தும் பாத்துட்டு, கொரலைத் தணிச்சு, “அது வேண்டாங்கம்மா. இந்தச் சின்ன பாட்டில் போதும். மூஞ்சி கழுவி ஈரம் காயறதுக்குள்ள மூணு சொட்டு. அதுக்கு மேல நீங்க எப்பவும் போடற கிரீம். பகல்ல சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் போடலைன்னா இதெல்லாம் போட்டும் பிரயோசனம் இல்லீங்க”ன்னா. “எப்ப சரியாகும்?”னு கேட்டேன். “மாய மந்திரம் இல்லீங்கம்மா. மூணு மாசம் விடாமப் போடணும். சுருக்கம் ஓடிப் போயிராது. தோல் கொஞ்சம் இறுகி நிக்கும், வறட்சி போகும். அவ்வளவுதானுங்க.” விக்கறதுக்கு நிக்கற பொண்ணு இப்படிப் பேசுமா? நீயே சொல்லு.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். சரியாப் போடறேனான்னு கேக்கத்தான். பதினொரு மணிக்குக் கடையில கூட்டம் இருக்காது. “உக்காருங்கம்மா”ன்னு, கஸ்டமருக்குப் போட்டுக் காட்ட வெச்சிருக்கற டெஸ்டர் பாட்டில்ல இருந்து எடுத்துத் தடவி விட்டா. அதுக்கடுத்த வெள்ளியும் போனேன். அப்பறம் அதுவே வழக்கமாப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில தலைக்கு ஊத்திட்டு, நல்ல சேலையாக் கட்டிட்டு, பதினொண்ணுக்கு ஸ்டூல்ல உக்காந்துருவேன். பன்னெண்டு வரைக்கும். சில நாள் பன்னெண்டரை ஆயிரும். கஸ்டமர் வந்தா எந்திரிச்சு ஓரமா நின்னுக்குவேன், போனதும் மறுபடி உக்காந்துக்குவேன். இடைஞ்சலே பண்ண மாட்டேன்.

அவ கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டுக்காரர் சதீஷு, லோடு வேன் ஓட்டறாரு. பாப்பாவுக்கு நாலு வயசு, மிருதுளா. கடைக்குப் பின்னாடித் தெருவுலதான் பள்ளிக்கூடம். மத்தியானம் கடையில சொல்லிட்டு ஓடிப் போயிக் கூட்டிட்டு வந்து மாமியார்கிட்ட விட்டுட்டு வருவா. “இந்த வேலையில சம்பளத்தை விட அதுதானுங்கம்மா பெருசு”ம்பா. நான் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். என்னைப் பத்தி அவ கேட்டாளான்னா... அவளுக்கு நேரம் ஏது? கை வேலையில இருக்கும்.

மூணு மாசம் விடாமப் போட்டேன். நெசமாவே கன்னம் இறுகிருச்சு கண்ணு, இந்தா, இங்க பாரு, தாடைக்கிட்ட. முன்னெல்லாம் இது பை மாதிரி தொங்கும். தையில சொந்தத்துல ஒரு கல்யாணம். ஆசையாப் போனேன். ஆராவது கேப்பாங்கன்னு முன் வரிசையிலயே உக்காந்தேன். தம்பி பொண்டாட்டி வந்து பாத்துட்டு, “என்னங்க அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி பளபளன்னு இருக்குது, நீர் கோத்துருச்சா? சுகர் பாத்தீங்களா?”ன்னா. அந்த வெள்ளிக்கிழமை இந்துஜாகிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கலை, நெசமா வருத்தப்பட்டா. “நீங்க விடுங்கம்மா, எனக்குத் தெரியுதில்ல”ன்னு கன்னத்தைத் தட்டுனா. எனக்குத் தெரியுதில்லன்னா பாரு. அந்த ஒரு சொல்லு போதாதா?

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, இந்தப் பொண்ணுக்கு நாம ஏதாச்சும் செய்யணும்னு. பொருளாக் குடுத்தா வாங்க மாட்டா. ஆபீஸ்ல இருந்தவளுக்கு ஆபீஸ் புத்திதானே வரும். நல்ல வேலைக்காரிக்கு மேலிடத்துல நாலு வார்த்தை எழுதினா அதை விடப் பெருசு இல்ல. அவளை அங்க நிறுத்தி வெச்சிருந்த கிரீம் கம்பெனியோட ஹெட் ஆபீஸ் விலாசம் டப்பாவுல போட்டிருந்துச்சு. யோசிச்சு யோசிச்சு, பங்குனியில மூணு பக்கம் எழுதினேன். கையெழுத்து எனக்கு முத்து முத்தா இருக்கும். பொத்தாம் பொதுவா ‘நல்ல பொண்ணு’ன்னு எழுதினா ஆரு நம்புவாங்க? ஆதாரத்தோட எழுதினேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் எனக்காக ஒதுக்கறாங்க. ஆறு மாசமா டெஸ்டர் பாட்டில்ல இருந்தே பூசி விடறாங்க, ஒரு தடவை கூட மொகஞ்சுளிச்சதில்ல. ‘பெரிய டப்பா வேண்டாம், சின்னதே போதும்’னு என்னைத் தடுத்த நேர்மைசாலி. சுருக்கம் போகாதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்றவங்க. பச்சைக் கொழந்தையை மத்தியானம் ஓடிப் போயிக் கூட்டிட்டு வந்துட்டு, மூச்சு வாங்க வந்து நின்னு, மறுபடியும் சிரிச்ச மொகமா வேலை பாக்கறாங்க. இப்படி ஒரு ஊழியர் கெடைக்க உங்க கம்பெனி குடுத்து வெச்சிருக்கணும்னு முடிச்சேன். ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன்.

ஏங்கண்ணு அப்படிப் பாக்கற? நல்லாத்தானே எழுதியிருக்கேன்?

பதினஞ்சு நாள்ல பதில் வந்துச்சு. கம்பெனி முத்திரையோட. ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. இதன் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.’ இந்தக் காலத்துல ஆரு பதில் போடறாங்க? அதை நான் அவகிட்டக் காட்டலை. தானா தெரிஞ்சு சந்தோசப்படட்டும்னு கமுக்கமா இருந்தேன்.

அடுத்த வாரம் போறேன், ஸ்டூலைக் காணோம். வேற ஒரு பொண்ணு நிக்குது. கையில ரப்பர் உறை. “இந்துஜா இல்லீங்களா?”ன்னேன். “அவங்களைக் கோயமுத்தூருக்கு மாத்திட்டாங்க மேடம். உங்களுக்கு என்ன வேணும்?”னுச்சு. தக்க நடவடிக்கைன்னா, பிரமோசன்! கோயமுத்தூர்னா சும்மாவா? எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். ஒரு பக்கம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னு இருந்துச்சு. அவசரமாப் போட்டிருப்பாங்க.

அந்தப் பொண்ணுகிட்ட, “கொஞ்சம் தடவி விடறயா கண்ணு?”ன்னு கேட்டேன். “டெஸ்டர் வாங்கறவங்களுக்கு மட்டுந்தான் மேடம். மேலிடத்து உத்தரவு”ன்னுச்சு. எங்கிட்ட ரெண்டு பாட்டில் இருந்துச்சு, இருந்தாலும் இன்னொண்ணு வாங்கினேன். அது உறை போட்ட கையோட தடவுச்சு. ரப்பர் கை. ஒரு நிமிசம் கூட ஆகலை.

நாலு வெள்ளிக்கிழமை போயிருச்சு. வீட்டுலயே போட்டுக்கறேன், போடாமயெல்லாம் இல்ல. ஆனா தன் கையால தானே தடவறது வேற கண்ணு. தோலுக்குச் சேதி போகும்தான். எனக்குப் போகலை.

கடையில மருந்து குடுக்கற தம்பிகிட்ட விலாசம் விசாரிச்சேன். நீலாம்பூர்ப் பக்கம்னான். இன்னைக்குக் காலையில எந்திரிச்சு ஒப்பிட்டு சுட்டேன். தேங்கா ஒப்பிட்டு, அதான் தேங்கா போளி, அவ பாப்பாவுக்குப் பிடிக்கும்னு ஒரு தடவை சொல்லியிருக்கா. தூக்குப்போசியில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். இறங்கிப் பாத்தா, கடையையே காணோம். தகரக் கூரை போட்ட பெரிய குடோன். லாரி நிக்குது. வாட்ச்மேன்கிட்ட, “இங்க ஷோரூம் எங்கீங்க?”ன்னேன். “ஷோரூமெல்லாம் இல்லீங்கம்மா, இது சரக்கு பேக்கிங் பண்ற எடம். ஆரைப் பாக்கணும்?”னாரு. பேரைச் சொன்னேன். உள்ள ஆள் அனுப்புனாரு.

வந்தா. வெள்ளைக் கோட்டு இல்ல, பழைய சுடிதார் மேல நீலத்துல ஒரு மேலங்கி. தலையில வலைத்தொப்பி. என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. “அம்மா, நீங்களா?”ன்னா.

“பிரமோசனுக்கு வாழ்த்துச் சொல்லலாம்னு வந்தேன் கண்ணு”ன்னேன்.

வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஒரு பெஞ்சு இருந்துச்சு, கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சா. தண்ணி கொண்டாந்து குடுத்தா. அப்பத்தான் கையைப் பாத்தேன். கண்ணு, அந்தக் கை எப்படி இருந்த கை! பூ மாதிரி இருக்கும். வெரல் நுனியெல்லாம் வெடிச்சு, ரத்தம் கட்டி, கோடு கோடாக் கெடக்குது.

“என்ன கண்ணு இது?”

“அட்டைப்பெட்டிங்கம்மா. நாள் பூரா அட்டை தொட்டா கையில இருக்கற ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிருதுங்க. அப்பறம் டேப் கிழிக்கறது. பழகிரும்.”

“பாப்பா?”

“மாமியார்கிட்ட. நான் இங்க ஹாஸ்டல்ல இருக்கறேனுங்க. சனிக்கிழமை ராத்திரி போயிட்டு திங்கக்கிழமை வெடியால வந்துருவேன்.” அப்பறம், “எங்கூடப் பேச மாட்டீங்கறாம்மா. போன்ல குடுத்தா ஓடிப் போயிர்றா”ன்னா.

“கொழந்தைதானே, பழகிரும்”னு நானும் சொன்னேன். வேற என்ன சொல்றது? கைப்பையில என்ற பாட்டில் இருந்துச்சு. அது எப்பவும் இருக்கும். “கையைக் குடு”ன்னேன். “வேண்டாங்கம்மா, வெல கூடின சாமானு, கைக்குப் போய்...”ன்னு இழுத்தா. நான் விடலை. தூக்குப்போசி தொடைக்கக் கொண்டு போன துண்டை நனைச்சுத் தொடைச்சு விட்டு, சொட்டு சொட்டா விட்டு, ஒவ்வொரு வெரலாத் தடவினேன். நான் ஒருத்தருக்குத் தடவி விடறது அதுதான் மொதல் தடவை. எப்படித் தடவறதுன்னு தெரியலை. கைக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியலை. அவ தலையைக் குனிஞ்சுட்டே இருந்தா. கை மேல சொட்டு விழுகுது. பாத்தா, அழுகறா.

“எரியுதா கண்ணு?”ன்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனா. வெடிப்புல பட்டா எரியத்தானே செய்யும்.

பாதி பாட்டில் ஆயிருச்சு. அப்பறம் நானேதான் ஆரம்பிச்சேன். “நான் ஹெட் ஆபீசுக்கு உன்னைப் பத்தி ஒரு லெட்டர் போட்டேன், தெரியுமா?”ன்னேன்.

“தெரியுங்கம்மா. மீட்டிங்குல எல்லாரு முன்னாடியும் படிச்சாங்க.”

“எல்லாரு முன்னாடியுமா!”

“ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. இது நெசமா, இது நெசமான்னு கேட்டுக் கேட்டுப் படிச்சாங்க. நான் எல்லாத்துக்கும் ஆமாங்கன்னேன்.”

கையெழுத்து நல்லா இருந்திருக்கும், படிக்க வசதியா இருந்திருக்கும்னு அந்த நேரத்துல என்ற மனசு போகுது பாரு. அவ நிமுந்து என்ற மூஞ்சியைப் பாத்தா. கஸ்டமரைப் பாக்கற மாதிரி இல்ல. “அம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா? இனிமே என்னைப் பத்தி ஆருக்கும் எதுவும் எழுதாதீங்க. நல்லதாக் கூட எழுதாதீங்க”ன்னா.

அவளுக்கு எப்பவும் தன்னடக்கம் அதிகம். சரி கண்ணு, எழுதலைன்னேன். ரெண்டாந்தடவையும் கேட்டா. “சத்தியமாங்கம்மா?” சத்தியமான்னேன்.

உள்ள இருந்து ஆரோ பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. எந்திரிச்சுட்டா. ஒப்பிட்டை ரெண்டு கையிலயும் வாங்கிட்டா. “வெயில்ல நிக்காதீங்கம்மா, எதுத்தாப்புல நெழல் இருக்குது, அங்கயே பஸ் நிக்கும்”னா. அந்தக் கரிசனம் எல்லாம் நெசந்தான் கண்ணு, அதுல நான் சந்தேகப்பட மாட்டேன். கேட்டைத் தாண்டி நான் ரோட்டைப் பாத்து நின்னுட்டிருந்தேன், லாரி போகட்டும்னு. பின்னாடி அவ வாட்ச்மேன்கிட்டச் சொல்றா. மெதுவாத்தான் சொன்னா. “அண்ணா, அந்தம்மா மறுபடி வந்தா நான் லீவுன்னு சொல்லிருங்க.”

என்ற காதுக்கு வயசாகலை. பாடாவதி லைன்ல, இரைச்சல்ல, எங்கியோ மதராஸ்ல பேசறதைக் கேட்டுக் கேட்டுப் பழகின காது.

திரும்பிப் பாக்கலை. கேட்டதாவே காட்டிக்கலை. லாரி போனதும் ரோட்டைத் தாண்டுனேன்.

அவளும் என்ன பண்ணுவா? வேலை நேரத்துல ஆளு வந்தா மேல இருக்கறவங்க கேப்பாங்கல்ல. நான் வேற அரை மணி நேரம் உக்கார வெச்சுட்டேன். அதுக்குத்தான் சொல்லியிருப்பா. இல்ல கண்ணு? ...நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லாத.

எதுத்தாப்புல புங்கமரம். ஈரோட்டு பஸ் ஒண்ணு வந்துச்சு, கைகாட்டாம விட்டுட்டேன். கால் வலி, கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு. அங்க இருந்து பாத்தா குடோன் கேட்டு நல்லாத் தெரியுது. மூணு மணிக்கு மணி அடிச்சுது. டீ குடிக்கப் பொம்பளைக எல்லாம் வெளிய வந்தாங்க, பத்துப் பன்னெண்டு பேரு, நீல மேலங்கியோட. செவுத்தோரமா நெழல்ல உக்காந்தாங்க. நடுவுல இந்துஜா. என்ற தூக்குப்போசியைத் தொறந்து ஆளுக்கொரு ஒப்பிட்டுக் குடுத்தா. ஒருத்தி வாயில வெச்சுட்டு என்னமோ சொன்னா. இந்துஜா சிரிச்சா. எப்படிச் சிரிச்சாங்கற? தலையைப் பின்னால சாச்சு, வாயைக் கையால பொத்தக் கூட இல்லாம, பக்கத்துல இருக்கறவ தோளைப் புடிச்சுக்கிட்டு.

ஆறு மாசம், வெள்ளிக்கிழமை தவறாம, அந்த மூஞ்சிக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தேன் கண்ணு. எத்தனையோ தடவை எனக்காகச் சிரிச்சிருக்கா. இந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல.

மறுபடி மணி அடிச்சு அவங்க உள்ள போற வரைக்கும் இருந்தேன். அதுக்குள்ள ரெண்டாவது பஸ்ஸும் போயிருச்சு. மூணாவது பஸ்ல எல்லா சீட்டுலயும் ஆளு. உன்ற பக்கத்துல மட்டுந்தான் எடம் இருந்துச்சு.